பாதத்தையும் பாருங்கள்



சித்திரை வெயிலில் நம்ம ஊர் கோயில் கல்தளத்தை மதியம் வெறுங்காலோடு சுற்றினேன். சூடே தெரியவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். எனக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை.

எச்சிலையும் சோற்றையும் வைத்து வகுப்பில் நொதி பற்றிச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? இதுவும் நொதிகளின் வேலைதான். சர்க்கரை மிகுந்தால் ஆல்டோஸ் ரிடக்டேஸ் அதை நரம்புக்குள் சார்பிட்டாலாக மாற்றுகிறது. நரம்பைக் காக்கும் பொருள்கள் அதில் செலவாகிவிடுகின்றன. புரோட்டீன் கைனேஸ் சி தப்பான சமிக்ஞை கொடுத்து நரம்புக்கு ரத்தம் போகும் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. நீளமான நரம்புதான் முதலில் அடிவாங்கும். அதனால்தான் பாதம்.

இவற்றைத் தடுக்க மருந்து தேடினார்கள். ரூபாக்சிஸ்டாரின் பெரிய சோதனைகளில் கைகொடுக்கவில்லை. எபால்ரெஸ்டாட் ஜப்பானிலும் இங்கும் உண்டு, அமெரிக்காவில் அனுமதி இல்லை. ஆக, மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் பாதம் பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. 10 கிராம் நைலான் இழையால் தொட்டுப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

கொப்புளம் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. இப்போது கோயிலுக்குப் பொழுது சாய்ந்தபிறகுதான் போகிறேன்.