ஈடிபஸ் நிறுத்தாத விசாரணை

ஈடிபஸ் கதையைப் பெரும்பாலோர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: தலைவிதி. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று அப்பல்லோவின் வாக்கு முன்பே வந்துவிட்டது. தப்பிக்க ஓடிய வழியிலேயே அது பலித்தும்விட்டது. இதில் அவன் செய்வதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். கதைக்கு இது பொருந்தும். கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் நாடகத்துக்குப் பொருந்தாது.

‘மன்னன் ஈடிபஸ்’ தொடங்கும்போது கொலையும் திருமணமும் நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விதி தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. மேடையில் நடப்பது ஒரு விசாரணை. தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனை விரட்டினால்தான் நோய் தீரும் என்கிறது டெல்ஃபி கோயில். ஈடிபஸ் ஊரறியச் சபதம் செய்து, கொலையாளிக்குச் சாபமும் கொடுக்கிறான்.

விசாரணையைக் கைவிட அவனுக்கு வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. பார்வையற்ற குறிகாரர் டைரீசியஸ், தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். ராணி யோகாஸ்டா அவனுக்கு முன்பே உண்மையைப் புரிந்துகொண்டு, இத்தோடு விடு என்று மன்றாடுகிறாள். அவனோ, தன் பிறப்பு தாழ்ந்தது என்று தெரிந்துவிடுமோ எனக் கூசுகிறாள் என்று தப்புக்கணக்குப் போடுகிறான். கடைசியில், ஈடிபஸின் பிறப்பு ரகசியம் தெரிந்த கிழட்டு இடையன் ஒருவன் வாய் திறக்க மறுக்கிறான். அவன் கைகளைப் பின்னால் முறுக்கச் சொல்கிறான் மன்னன். இன்னும் ஒரு பதிலில் தன் வாழ்வு முடிந்துவிடும் என்று அதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்கிறான்.

தன் மீதே திரும்பிய விசாரணையைக் கிடப்பில் போடாத ஆட்சியாளர் உலகத்தில் எத்தனை பேர்?

உண்மை தெரிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வந்த ஈடிபஸிடம், எந்தத் தெய்வம் உன்னைத் தூண்டியது என்று கேட்கிறார்கள். துன்பங்களைத் தந்தது அப்பல்லோ, குத்திய கை என்னுடையது என்பதே அவன் பதிலின் சாரம். இரண்டையும் அவன் ஒன்றாகக் குழப்பவில்லை.

ஈடிபஸை அழித்தது அகந்தை என்று பாடக்குறிப்புகள் சொல்வதுண்டு. முன்கோபக்காரன்தான், ஆனால் அடக்கமானவனாக இருந்திருந்தாலும் லாயஸ் அவனுக்குத் தந்தைதான். அகந்தைக்கு ஆள் வேண்டுமென்றால் சோபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் வரும் மன்னன் கிரெயோனைப் பார்க்கலாம். ஈடிபஸின் மகன் பாலினைசஸின் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்ற அவன் ஆணைக்கு எந்தக் குறியும் காரணமில்லை. ஊர் முணுமுணுக்கிறது என்று மகன் ஹீமன் எச்சரித்தும் கேட்கவில்லை. கடைசியில் டைரீசியஸின் மிரட்டலுக்குப் பயந்து இறங்கி வருகிறான். ஆணையை மீறியதற்காகக் குகையில் அடைபட்ட பாலினைசஸின் சகோதரி ஆன்டிகனியை முதலில் விடுவி, பிறகு பிணத்தைப் புதை என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவனோ பிணத்தைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அங்கே ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். ஹீமன் அவள் அருகிலேயே தன்னைக் குத்திக்கொள்கிறான். சேதி கேட்ட தாய் யூரிடிசியும் உயிரை விடுகிறாள். தெய்வக் குற்றத்துக்குப் பரிகாரம் செய்வதில் இருந்த அவசரம், உயிரோடு இருந்தவள் விஷயத்தில் அவனுக்கு இல்லை.

இந்த நாடகங்களைப் பார்த்த ஏதென்ஸ் மக்கள் இத்தகைய வேறுபாடுகளுக்குப் பழகியவர்கள். வேண்டுமென்றே செய்த கொலையையும் தெரியாமல் நேர்ந்த கொலையையும் அவர்கள் சட்டம் பிரித்தே பார்த்தது. சோபோக்ளிஸ் இறந்த பிறகு, கி.மு. 401இல் அரங்கேறிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’ நாடகத்தில் முதியவனான ஈடிபஸ் அந்தச் சட்டத்தின் மொழியிலேயே வாதாடுகிறான்: அவர் யாரென்று எனக்குத் தெரியாது, என் உயிரைக் காக்கவே அடித்தேன், நான் குற்றவாளியல்ல. அப்படி வாதாடிய பிறகும், தனக்கு அடைக்கலம் தந்த மன்னன் தீசியஸின் கையைத் தொடப் போனவன் பாதியில் நிறுத்திக்கொள்கிறான். கறை படிந்த தன்னைத் தீசியஸ் தொடுவது தகாது என்கிறான்.