ஊர் கேட்டு உணவளித்தல்

பசித்து வந்தவனை நோக்கி, "உண்டாயோ?" என்று வினவுதற்கு முன் "உன் ஊர் யாது?" என்று வினவும் வழக்கம் ஒன்று உண்டு. அவ்வழக்கத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தவர் ஆங்கிலேயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறங்களிலே நடைமுறையிலிருந்த அச்சட்டத்தை நம் கல்லூரி மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்றென எண்ணுகின்றோம். அதன் சாயல் கிளிவெட்டியில் வாழும் எமக்குப் புதியதன்று.

1601 ஆம் ஆண்டில், எலிசபெத்து அரசியின் காலத்திலே எழுந்த வறியோர் சட்டம் ஒருவகையிற் பாராட்டற்பாலது. ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் எல்லைக்குட்பட்ட முதியோர், நோயாளர், அனாதைகள் முதலியோரைத் தாங்குதல் வேண்டும். அதன் பொருட்டு நிலபுலமுடையோரிடம் வரி அறவிடுதல் வேண்டும் என அது விதித்தது. ஆகவே வறியவன் பெற்றது பிச்சையன்று. சட்டம் அளித்த உதவி. ஆயின், வரி செலுத்தியோர் தம்மூர் வறியவர் யாவர், அயலூர் வறியவர் யாவர் எனக் கணக்கிடத் தொடங்கினர். 1662 இல் மற்றொரு சட்டம் வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுண் பெறுமதியில்லாத குடியிருப்பில் வந்து தங்கும் புதியவன் பின்னர் ஊருக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றினால், நாற்பது நாட்களுக்குள் முறைப்பாடு செய்து, சமாதான நீதவான் இருவரின் கட்டளையால் அவனை அவனுடைய ஊருக்கே திருப்பியனுப்பலாம். அவன் குற்றமொன்றும் செய்திருக்க வேண்டுவதில்லை. வறுமையின் அறிகுறி தென்பட்டாலே போதும்!

இதன் விளைவுகள் மிகக் கொடியன. மணமாகாத ஊழியன் ஓராண்டு முழுவதும் ஓரிடத்தில் வேலை செய்தால் அவ்வூரில் உரிமை பெறுவான் என்றிருந்தமையால், பண்ணைக்காரர் சிலர் ஆண்டு நிறைவதற்குச் சில நாட்கள் முன்னரே அவனை விலக்கிவிட்டனர். மணமாகாத தாயின் பிள்ளை பிறந்த ஊருக்கே உரியது என்றிருந்தமையால், நிறைமாதப் பெண்களை எல்லைக்கு அப்பாற் கொண்டுபோய் விட்ட ஊர்களும் உண்டு. ஆதாம் சிமித்து என்னும் பொருளியலறிஞர் 1776 இல் வெளிவந்த தமது நூலிலே இச்சட்டத்தைக் கடிந்து எழுதினார். 1795 இலேதான், ஒருவன் உண்மையாகவே உதவி கேட்கும் வரை அவனை அகற்றலாகாது என்ற திருத்தம் வந்தது. அப்போதும் அந்தக் கருவுற்ற பெண்களுக்கு அப்பாதுகாப்புக் கிட்டவில்லை.

தமிழாசிரியர் என்ற முறையில் எமக்கு இவ்விடத்து ஆபுத்திரன் நினைவு வருகின்றது. பிறப்பைக் காரணங்காட்டி ஊரால் வெறுத்து ஒதுக்கப்பட்டவன் அவன். மதுரைக்குச் சென்று, ஐயமேற்று, காணார் கேளார் கால்முடமானோர் எல்லோரையும் ஊட்டியபின்னரே தான் உண்டான். அமுதசுரபி அவன் கையிலேயே வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் கோயிற்பற்று ஒன்றில் அவன் தோன்றியிருந்தால், பாத்திரம் கைக்கு வருமுன்னரே எல்லை கடத்தப்பட்டிருப்பான்.

இனி எம்மூர்க் கதைக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டு சம்பூர்ப் பகுதி மக்கள் போரினால் ஊர் நீங்கினர். வாகரை, மட்டக்களப்பு என அலைந்த அவர்களுட் பலர் 2007 முதல் கிளிவெட்டி முகாமிலும் அயல் முகாம்களிலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் முதலீட்டு வலயமெனவும் அறிவிக்கப்பட்டது. மாற்றுக் காணி காட்டப்பட்டபோது பலர் ஏற்க மறுத்தனர். 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் அவர்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது. ஆங்கிலேய வறியவனை அவன் ஊருக்குத் துரத்தினர். இவர்களையோ ஊருக்குள் விடாது தடுத்தனர். முறை வேறாயினும் இரண்டிடத்தும் மனிதனுக்கு முன்னே நின்றது பதிவேடுதான். எந்த ஊர்ப் பதிவு, எந்த முகாம் அட்டை என்பதைப் பார்த்தே அரிசியும் பருப்பும் அளக்கப்பட்டன.

ஊரறிந்த உத்தியோகத்தரே உண்மையான வறியவரை அறிவார், பதிவின்றேல் ஒருவரே ஈரிடத்திற் பெறுவர் என்று சிலர் கூறுவர். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இருமுறை பெறுவோரைத் தடுக்க அடையாள அட்டை இலக்கம் ஒன்றே போதும். ஊர் எது என்ற வினா அதற்கு வேண்டியதில்லை. 2023 முதல் வழங்கப்பட்டுவரும் அஸ்வெசும உதவிக்குப் பணம் கொடுப்பது மத்திய திறைசேரி, கிராமத்தவரின் வரியன்று. பழைய கோயிற்பற்றுக்கு வரிச்சுமை என்ற காரணமாவது இருந்தது. இன்று அக்காரணமும் இல்லை. வயல் வேலைக்கும் மீன்பிடிக்கும் ஊர்விட்டு ஊர் செல்லும் கூலிக் குடும்பம், வாடகை வீட்டில் வதிவிடச் சான்றிதழ் பெறுதற்கே பல நாட் கூலியை இழத்தல் ஏன்?

உதவி ஆளைத் தொடர்ந்து செல்லல் வேண்டும். அவன் நிற்கும் இடத்திலேயே விண்ணப்பம் ஏற்கப்படல் வேண்டும் என்பதே எம் கருத்து. இதற்குச் சட்டம் மாறும் வரை காத்திருத்தலும் வேண்டா. நம் பழைய மாணவருட் பிரதேச செயலகங்களிலும் கிராம உத்தியோகத்தர் பதவிகளிலும் கடமையாற்றுவோர் உளர். "உமது பழைய ஊருக்குப் போய்க் கடிதம் வாங்கி வாரும்" என்று ஒரு முதியவளைத் திருப்பியனுப்பாது, அந்த ஊர் உத்தியோகத்தருக்குத் தாமே தொலைபேசியிற் பேசி விவரம் கேட்டறிந்து கொள்ளுமாறு அவர்களை வேண்டுகின்றோம்.