பயப்படாதேன்னு சொன்னால் போதுமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் இரண்டு குரல் கேட்கும். "அருவிக்குப் போயிட்டு வாரோம்மா" என்று பிள்ளைகள். "தண்ணி கூடுனா உடனே ஏறி வந்துரணும்" என்று அம்மா. அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதே!

இப்படிக் காரணமுள்ள பயத்துக்கு மருந்து, விவரம் சொல்வதுதான். எந்த அருவி, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். வெறும் "பயப்படாதே" பலிக்காது.

விவரம் சொன்னாலும் அடங்காத பயம் ஒன்றும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண்ணைப் பாருங்கள். பத்தியச் சாப்பாடு, லேகியம், பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் என்று உடம்பைக் கவனிக்க நாலு பேர் இருக்கிறார்கள். பிள்ளை மூச்சு விடுகிறதா என்று ராத்திரி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் அவள் மனசைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? "நாங்களும் பெத்தவங்கதான்" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

பிரசவமான புதிதில் அழுகையும் படபடப்பும் பலருக்கும் வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டும். மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள் அல்லவா? இதுவும் அப்படி ஓர் அளவுதான். சிலருக்குத் தைராய்டு கோளாறாலும் படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருகிறது என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தனியே விடவும் கூடாது.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, என்னைப் போல் பென்ஷன் வாங்கும் தாத்தாமாருக்கு ஒரு வார்த்தை. நமக்கு எப்படியும் விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பேப்பர் வரும்வரை பேரப்பிள்ளையை நாம் தூக்கி வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கட்டும்.