செவ்வாயைக் ‘கண்டுபிடித்த’ பேராசிரியர்

2018 மார்ச் 20 அன்று கேப்டவுன் பல்கலைக்கழக அண்டவியல் பேராசிரியர் பீட்டர் டன்ஸ்பி, வானியலாளர்களின் அவசர அறிவிப்புச் சேவையான ‘அஸ்ட்ரானமர்ஸ் டெலிகிராம்’ வழியே ஒரு செய்தி அனுப்பினார். லகூன், டிரிஃபிட் நெபுலாக்களுக்கு அருகே மிகப் பிரகாசமாக ஏதோ ஒன்று புதிதாகத் தோன்றியிருக்கிறது என்றார். சுமார் 40 நிமிடங்களில் மறுப்பும் அவரிடமிருந்தே வந்தது: அது செவ்வாய். அன்றைய பஞ்சாங்கத்தைப் புரட்டியிருந்தாலே அந்த நெபுலாக்கள் உள்ள தனுசில்தான் செவ்வாயும் இருப்பது தெரிந்திருக்கும். செவ்வாயைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு வேடிக்கையாகச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் அவர் சரிபார்க்காமல் அறிவித்துவிடவில்லை. மார்ச் 8-ல் எடுத்த படத்தில் அந்த இடத்தில் அது இல்லை என்பதைப் பார்த்த பிறகே எழுதினார். வானியல் ஆர்வலர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பழைய படத்தில் இல்லாத ஒளிப்புள்ளி புதியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோள்களும் சிறுகோள்களும் இடம் மாறுகின்றன. சாதாரண விண்மீன்களோ இருந்த இடத்திலேயே இருந்து ஏமாற்றுகின்றன. நீல ஒளியில் எடுத்த பழைய படத்தில் மங்கிக் கிடக்கும் செந்நிற விண்மீன், சிவப்பை நன்கு உணரும் இன்றைய கேமராவில் பளிச்சென்று விழும். டேவிட் ஃபாப்ரிசியஸ் 1596-ல் பார்த்த ‘புதிய’ விண்மீன் சில வாரங்களில் மங்கி மறைந்தது. 1609-ல் அவர் கண்ணிலேயே மீண்டும் பட்டது. இன்று மிரா என்று அழைக்கப்படும் அது, ஏறத்தாழ 11 மாதங்களுக்கு ஒருமுறை பொலிந்து மங்கும் பழைய விண்மீன்தான். ஆகவே கோள், சிறுகோள் நிலைகளையும் மாறும் விண்மீன் பட்டியலையும் பார்க்காமல் அறிவிப்பு அனுப்பக் கூடாது. கணினி முன் சில நிமிட வேலை.

தவறான அறிவிப்பால் பெரிய தொலைநோக்கிகளின் நேரம் பாழாகிறது, முழுக்க உறுதியாகும்வரை ஆர்வலர்கள் வாய் திறக்கக் கூடாது என்பவர்கள் உண்டு. முதல் பாதி நியாயம். இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. 2016 செப்டம்பர் 20 இரவு, அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் புசோ என்ற ஆர்வலர் தம் புதிய கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற விண்மீன் மண்டலத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். முதல் படங்களில் இல்லாத ஒரு புள்ளி, அடுத்தடுத்த படங்களில் தோன்றி வளர்ந்தது. வெடிக்கும் விண்மீனின் மேற்பரப்பைக் கிழித்து வெளிவந்த முதல் ஒளி அது. 2018-ல் ‘நேச்சர்’ இதழில் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. கேலிக்குப் பயந்து புசோ அறிவிக்காமல் சில நாள் பொறுத்திருந்தால், அடுத்த இரவே பெரிய கருவிகள் அதைத் தொடர்ந்திருக்க முடியாது. வானத்தைத்தான் தானியங்கித் தொலைநோக்கிகள் துழாவுகின்றனவே, ஆர்வலர் எதற்கு என்ற வாதமும் இங்கே நிற்காது. அவை ஓரிடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுபவை. புசோவின் கேமரா அங்கேயே நிலைத்திருந்தது. எனவே மௌனத்தை வற்புறுத்துவதைவிட, எந்தெந்தப் பட்டியலோடு ஒப்பிட்டோம், எத்தனை படங்களில் அது பதிவானது என்பதை அறிவிப்பிலேயே எழுதச் சொல்லலாம். அதைப் படிப்பவர், தம் தொலைநோக்கியைத் திருப்புவதா வேண்டாமா என்று தாமே முடிவு செய்துகொள்வார்.