"பாதியாகிவிடும், சார்!"

"சுருக்கினால் பாதியாகிவிடும், சார்!" கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளின் வேதவாக்கு இது. நம்பி, குடும்பப் போட்டோக்கள் அத்தனையையும் ஒரே கட்டாகக் கட்டினேன். முக்கால்வாசியில் டிஸ்க் நிறைந்து நின்றுபோனது.

நெய்வேலிக்காரர்களுக்கா இது புரியாது? நம் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். உலர்த்தினால் எடை இறங்கும். உலர்த்தி அச்சில் அமுக்கிய லெகோவை மறுபடி உலர்த்தினால் என்ன இறங்கும்? எழுத்துக் கோப்பு ஈரக்கரி. ஜேபெக் போட்டோ லெகோ.

ஊகிக்க வேண்டியதில்லை, லினக்ஸில் அளக்க வழி இருக்கிறது. 'டார்' கட்டி 'ஜிஜிப்' சுருக்குவதை ஃபைலாக எழுதாமல், குழாய்க்குறி போட்டு 'டபிள்யூசி மைனஸ் சி' கட்டளைக்கு அனுப்புங்கள். எத்தனை பைட் என்ற எண் மட்டும் வரும். டிஸ்கில் ஒன்றும் சேராது.

"இரண்டு தடவை நேரம் ஆகுமே?" ஆகட்டும். பாதியில் நின்றதைத் தூக்கிப்போட்டு மறுபடி ஆரம்பிக்க மட்டும் நேரம் ஆகாதா?

எஸ்டிமேட் இல்லாத வேலைக்கு ஆபீசில் நான் ஃபைல் நகர்த்தியதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, எழுபதைத் தாண்டிய நானே இந்த ஆங்கிலக் கட்டளையைக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளே, இனி அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.