வாசல் தேடி வரும் வைத்தியம்

"தலைசுற்றல்தான் நின்னு போச்சே, இனிமே எதுக்கு பி.பி. மாத்திரை?" எங்கள் வேளாங்கண்ணியில் மாமியார்மார்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறேன். சகோதரிகளே, ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். மாத்திரையை நாமாக நிறுத்தினால், பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்!

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது 'மக்களைத் தேடி மருத்துவம்'. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், கைபேசியில் பதிந்துகொள்கிறார்கள், இரண்டு மாத மாத்திரையும் தருகிறார்கள். நடவு நாளில் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இத்திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஆனால், நாம் சொன்னதைத்தானே அந்தக் கைபேசியில் பதிய முடியும்? ஆகவே, அந்தப் பெண் வரும்போது:

* பரிசோதனைக்கு அரை மணி முன்பிருந்து காபி, டீ வேண்டாம். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரட்டும்.
* மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். விட்டுப்போன நாட்களை மறைக்காதீர்கள்.
* முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் அவருக்காகக் காத்திராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரை வீடு வரை வந்துவிட்டது. அத்தை அதை முழுங்கினாரா என்று ராத்திரி ஒரு வார்த்தை கேட்பது நம் வேலை அல்லவா?