கணக்கில் விடுபட்ட கல்லறைகள்



அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புருக்ளின் பகுதியில், 1.7 ஏக்கர் பரப்பில் ஒரு புல்வெளி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. காட்டுப் பூக்களும் தேனீக்களும் நிறைந்த அந்த இடத்தில், தரைக்குச் சற்று மேலே உயர்த்திக் கட்டப்பட்ட மரப்பாதையில்தான் நடக்க வேண்டும். புல்லை மிதித்தால் என்ன? புல்லுக்குக் கீழே மனிதர்கள் துயில்கிறார்கள் என்பதே விடை.

புருக்ளின் கப்பற்படைத் தளத்தின் மருத்துவமனைக்கு உரிய கல்லறைத் தோட்டம் அது. 1831 முதல் 1910 வரை, 2,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். கப்பற்படை வீரர்கள், மாலுமிகள், பல நாடுகளிலிருந்து வந்து நோயுற்று இறந்தவர்கள் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். அவர்களில் பலருக்கு, கல்லறையருகே நின்று அழ உறவினர் இருந்திருக்க மாட்டார்கள்.

வெந்தோவி என்னும் பிஜித் தீவுத் தலைவரின் கதை நம் நெஞ்சை உறுத்துகிறது. 1834ல் அமெரிக்கக் கப்பலொன்றின் மாலுமிகள் சிலர் கொல்லப்பட்டதற்கு அவர்மீது பழி சுமத்தப்பட்டது. 1840ல், வில்க்ஸ் என்பவர் தலைமையில் சென்ற அமெரிக்க ஆய்வுப் பயணக் குழுவினர் அவரைப் பிடித்தனர். ஈராண்டு கடலில் கைதியாய் அலைந்தவர், 1842 ஜூன் மாதம் நியூயார்க்கை அடைந்தவுடனே மருத்துவமனையில் உயிர்விட்டார். உடல் இந்தத் தோட்டத்தில் புதைக்கப்பட்டது. தலையோ தனியே எடுக்கப்பட்டு, ஆய்வுக்குழு சேகரித்த பொருள்களோடு சேர்க்கப்பட்டது. பின்னாளில் அது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமையானது. ஒரு மனிதர் காட்சிப்பொருளாக எண்ணப்பட்ட அவலம் இது.

1926ல் கப்பற்படை இந்தக் கல்லறைகளை அகற்ற முடிவு செய்தது. 987 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு, சைப்ரஸ் ஹில்ஸ் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வேலை முடிந்தது என்று எல்லாரும் எண்ணினர். காலப்போக்கில் அந்த இடம் விளையாட்டுத் திடலாயிற்று. 2,000 எங்கே, 987 எங்கே? இந்த எளிய கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1990களில் பழைய ஆவணங்களையும் நிலத்தையும் ஆய்வு செய்தபோதுதான், நூற்றுக்கணக்கானோரின் எச்சங்கள் இன்னும் அங்கேயே இருக்கக்கூடும் என்பது தெரியவந்தது.

இதில் யாருடைய கொடிய எண்ணமும் நமக்குத் தெரியவில்லை. அக்கறையின்மையே தெரிகிறது. மனிதர்கள் எண்ணிக்கையாக மாறும்போது, எண்ணிக்கையில் ஏற்படும் பிழை யாரையும் உறுத்துவதில்லை. கேட்க ஆளில்லாதவர்களே முதலில் விடுபட்டுப் போகிறார்கள். உயிரோடிருக்கும் ஏழைகளுக்கும் அகதிகளுக்கும் இன்று நிகழ்வதும் இதுதானே!

ஆயினும் கதை இங்கே முடியவில்லை. நிலத்தின் விலை வானைத் தொடும் அந்த நகரில், அங்கே ஒரு கட்டடம் எழும்பியிருக்கலாம். மீண்டும் தோண்டி, எஞ்சியோரை வேறிடத்துக்கு மாற்றியும் இருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இளைப்பாறட்டும் என விட்டு, மண்ணைக் கலைக்காமல் பாதை அமைத்தார்கள். காலம் தாழ்ந்த மரியாதைதான். விடுபட்டவர்கள் ஒவ்வொருவரும் யார் என்பதை அது சொல்லிவிடாது. என்றாலும், தவற்றை ஒப்புக்கொண்டு அதற்குமேல் தவறு செய்யாதிருப்பதும் ஒரு மனமாற்றமே.

இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருஅவை நமக்குக் கற்பிக்கிறது. தோபித்து தன் உயிருக்கு ஆபத்து என்றறிந்தும் அதைச் செய்தார். குழியை மூடுவதோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை. பெயரை எழுதி வைப்பதும், எழுதியதைப் பாதுகாப்பதும் அதில் அடங்கும். பங்கின் அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால், ஒரு மனிதர் விடுபடுகிறார் என்பதை அருள்பணியாளர்களாகிய நாமும் மறக்கலாகாது.

நவம்பர் 2ஆம் நாள் நம் உறவினரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அருகில் பெயரின்றிப் புல் மூடிக் கிடக்கும் கல்லறைக்கும் ஒரு திரி ஏற்றுவோமா? அங்கே துயில்பவரும் ஒரு தாயின் பிள்ளையே.